முறைமையும் மெய்ம்மையும்: சித்தியார் அளவை பற்றியோர் ஆராய்ச்சி

சமய வாதம் நிகழும் அவைகளிற் பெரும்பாலுங் கேட்கப்படுவன இரண்டு கூற்றுக்கள். ஒருவர் தம் கொள்கையை ஏதுவும் எடுத்துக்காட்டும் வைத்து முடித்தவுடன், "தருக்க முறையால் முடிந்தமையின் இஃது உண்மை" என்பர். மற்றொருவர் அவ்வேதுவிற் குற்றங் கண்டவுடன், "ஏது வீழ்ந்தமையின் கொள்கையும் பொய்" என்பர். இவ்விரண்டும் பிழையென்பதும், இரண்டிற்கும் வேர் ஒன்றே என்பதும், அவ்வேரைக் களையுங் கருவி நம் சித்தாந்த நூல்களிலேயே உண்டென்பதும் ஈண்டு ஆராயப்படும்.

ஒரு வாதத்தில் ஆராயத்தக்கன இரண்டு. முன்வைத்த கூற்றுக்கள் உலகியல்போடு ஒத்தனவோ என்பது ஒன்று. அவற்றை உடன்பட்டார் முடிபையும் உடன்பட்டே தீரவேண்டுமோ என்பது மற்றொன்று. முன்னதை மெய்ம்மை என்றும், பின்னதை முறைமை என்றும் இக்கட்டுரையில் வழங்குதும். மெய்ம்மை தனிக்கூற்றின் குணம். முறைமை கூற்றுக்கள் தம்முள் இயைந்த இயைபின் குணம். ஆதலின் ஒரு கூற்றை முறைமையுடையது என்றலும், ஒரு வாதத்தை மெய் என்றலும் பொருந்தா.

இவ்வேறுபாட்டை எளிய எடுத்துக்காட்டுக்களால் விளக்குதும். "மலைமேற் கட்டிய கோட்டையெல்லாம் நீரகழி சூழ்ந்தவை, வேலூர்க் கோட்டை மலைமேற் கட்டியது, ஆதலின் அது நீரகழி சூழ்ந்தது" என ஒருவன் கூறின், அவன் முடிபு மெய்யே. வேலூர்க் கோட்டையைச் சூழ்ந்த அகழியைக் காணாதார் அவ்வூரிற் சிலரே. ஆயின் முன்கூற்றுக்கள் இரண்டும் பொய். அக்கோட்டை சமநிலத்தது, மலைக்கோட்டைக்கு நீரகழி வேண்டும் என்னும் நியதியும் இல்லை. எனினும் அவ்விரு கூற்றையும் உடன்பட்டார்க்கு முடிபை மறுக்க வழியின்று. ஆகவே ஈண்டு முறைமை உண்டு. முன்கூற்றுக்களில் மெய்ம்மை இல்லை. முடிபோ தற்செயலாய் மெய்யாயிற்று.

இனி, "தமிழகத்திற் பாலாற்றங்கரை ஊரெல்லாம் வடதமிழகத்தன, ஆம்பூர் வடதமிழகத்தது, ஆதலின் ஆம்பூர் பாலாற்றங்கரையது" என்பதனை நோக்குக. மூன்று கூற்றும் மெய். ஆயினும் வாதம் நில்லாது. என்னை? அதே வழியிற் சென்று, "திருவண்ணாமலை வடதமிழகத்தது, ஆதலின் அதுவும் பாலாற்றங்கரையது" என்றும் முடிக்கலாம் அன்றோ? மெய்யாகிய மூன்று கூற்றை வரிசைப்பட நிறுத்தினமையால் மட்டும் ஒன்று மற்றொன்றற்குச் சான்றாகாது.

ஆகவே முறைமை தரும் உறுதி ஒன்றே. முன்கூற்றுக்கள் அனைத்தும் மெய்யாயின், முடிபு பொய்யாதல் இல்லை என்பதே அது. முன்கூற்றுக்கள் மெய் என்று முறைமை கூறாது. முறைமை கெட்டவிடத்து முடிபு பொய் என்பதும் போதராது. அவ்வாதத்தால் அது நிறுவப்பட்டிலது என்பதே போதரும். மற்றொரு பயனும் உண்டு. முறைமை செவ்விதாய் முடிபு பொய்யாயின், முன்கூற்றுக்களில் ஒன்றேனும் பொய்யாதல் வேண்டும். பிறர் கொள்கையைக் கொண்டே அவர்க்கு உடன்பாடல்லாத முடிபை வருவித்துக் காட்டும் மறுப்பு முறைக்கு இதுவே அடிப்படை.

இவ்வேறுபாடு மேனாட்டுத் தருக்கத்திற்கே உரியது என்றும், நம் அளவை நூலார் இரண்டையும் குழப்பினர் என்றும் கூறுவார் உளர். அவர் கூற்று முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்கர் (கி.மு. 384–322) பொருள்களின் பெயரை நீக்கி எழுத்துக்களை நிறுத்தி, வாதத்தின் வடிவை மாத்திரம் தனியே ஆராய்ந்தனர். நம்மவரோ நெருப்பு, புகை, குடம், ஓசை என்னும் பொருள்களை விடாது நின்றே ஆராய்ந்தனர். எடுத்துக்காட்டையும் அனுமானத்தின் உறுப்பாகவே கொண்டனர். ஆகவே முறைமையை மட்டுந் தனித்தெடுத்து ஒரு நூலாக்கும் முயற்சி நம்மிடத்து அவ்வளவாக எழவில்லை என்பது உண்மையே.

ஆயின் அதனாற் குழப்பம் என்றல் பொருந்தாது. அளவை என்பது பொருளை உள்ளவாறு அளந்தறிதற் கருவி. பொய்யான அளவுகோலால் அளந்து தற்செயலாய்ச் சரியான அளவு கிடைப்பினும் அதனை அளத்தல் என்னோம். வேலூர்க் கோட்டை பற்றிய முன்னைய வாதம் நம் நூலார்க்கு ஏதுவன்று, ஏதுப்போலியாம். மேனாட்டார் "வடிவம் சரி, முன்கூற்று பொய்" என்று இரு சொல்லாற் கூறுவதனை, நம்மவர் "இவ்வேது இன்னவிடத்திற் போலி" என்று குற்றம் நின்ற இடத்தாற் கூறினர். இரண்டினையும் வேறறியாதார்க்கு அவ்விடங்களைப் பிரித்துப் பெயரிடுதல் இயலுமோ?

அப்பெயரீட்டின் விரிவை இரண்டு தமிழ் நூல்களிற் காணலாம். மணிமேகலையின் இருபத்தொன்பதாங் காதை பௌத்தர் அளவையைக் கூறுமிடத்துப் பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப்போலி பத்து என முப்பத்துமூன்று குற்றங்களை எண்ணுகின்றது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் அளவையைப் பதினான்கு செய்யுளில் அமைத்து, பக்கப்போலி நான்கு, ஏதுப்போலி இருபத்தொன்று, எடுத்துக்காட்டுப்போலி பதினெட்டு, தோல்வித்தானம் இருபத்திரண்டு என அறுபத்தைந்தாகத் தொகுத்தனர்.

இவற்றுள் ஏதுப்போலியின் மூவகையே நம் பொருளுக்கு இன்றியமையாதன. ஏது பக்கத்தில் உளதென்பதே நிலைபெறாதாயின் அசித்தம். ஏது சபக்கத்தினும் விபக்கத்தினும் ஒப்பச் செல்லின் அநைகாந்திகம். ஏது துணிபொருளுக்கு மாறானதனையே சாதிக்கின் விருத்தம். ஆம்பூர் வாதத்தில் "வடதமிழகத்தது" என்னும் ஏது திருவண்ணாமலையாகிய விபக்கத்தினுஞ் செல்லுதலின் அஃது அநைகாந்திகம். மேனாட்டார் இதனை வடிவக் குற்றம் என்பர். பெயர் வேறாயினும், விபக்கத்தை நோக்கிக் குற்றங் காணும் வழி இருவர்க்கும் ஒன்றே.

அசித்தத்தின் வகைகளுள் மணிமேகலை கூறும் அன்னியதராசித்தம் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. வாதி, பிரதிவாதி என்னும் இருவருள் ஒருவர்க்கு உடன்பாடில்லாத ஏது அது. ஆகமத்தை உடன்படாதான் ஒருவனுக்கு ஆகமத்தையே ஏதுவாகக் காட்டி, "முடித்தேன்" என்பார் வீழுங்குழி இதுவே. அவர் கூற்று மெய்யாகலாம், வாதமும் முறைமையுடையதாகலாம், ஆயினும் எதிர்நிற்பானுக்கு அது நிறுவப்பட்டதாகாது. மெய்ம்மை, முறைமை என்னும் இரண்டின் வேறாக, "பிறர்க்கு நிறுவுதல்" என்னும் மூன்றாவதொன்றும் உண்டென்பதை நம் நூலார் அறிந்திருந்தனர். அனுமானத்தைத் தன்பொருட்டு என்றும் பிறர்பொருட்டு என்றும் சித்தியார் பிரித்ததன் பயனும் இதுவே.

இனி, முறைமை செவ்விதாயிருந்தும் வாதம் பொய்க்கு இட்டுச் செல்லுமிடத்தை நுணுகி அறிதற்கு உபாதி என்னும் கருத்துப் பெரிதும் உதவும். அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகம் தமிழிலும் பயிலப்பட்ட நூல். அந்நெறியில் வழங்கும் எடுத்துக்காட்டு ஒன்று: "மலை புகையுடையது, நெருப்புடைமையின்." புகையால் நெருப்பை அறிதல் செவ்விது, நெருப்பாற் புகையை அறிதல் செவ்விதன்று. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பிற் புகை எழுதற்கு ஈரவிறகு வேண்டும். புகையுள்ளவிடமெங்கும் ஈரவிறகின் தொடர்பு உண்டு. நெருப்புள்ளவிடமெங்கும் அஃது இல்லை. இங்ஙனம் துணிபொருளை வியாபித்தும் ஏதுவை வியாபியாதும் நிற்பதே உபாதி. உபாதியுடைய ஏது, வியாத்தியே நிலைபெறாமையின், அசித்தத்துள் அடங்கும். நெருப்பையும் புகையையும் பன்முறை ஒருங்கு கண்டவன் இடையே நின்ற ஈரவிறகைக் காணாது விடுதலே இப்பிழைக்குக் காரணம்.

மலையும் புகையும் பள்ளிக்கூடத்து எடுத்துக்காட்டென்று எளிதாக எண்ணுவார் உண்டாதலின், மக்கள் வாழ்வையே பற்றிய மெய்ந்நிகழ்ச்சி ஒன்றை இவ்விலக்கணத்தோடு பொருத்திக் காட்டுதும். அது பாலாற்றை அடுத்த வேலூரிலும், அதன் புறத்ததாகிய பாகாயத்திலும் நிகழ்ந்தது.

தொழுநோய் என்னும் பெருநோய் பற்றி நெடுங்காலம் உலகெங்கும் வழங்கிய வாதம் இது: "இந்நோய் தசையை அழுகச் செய்து விரல்களை உதிர்ப்பது, இவன் இந்நோயுடையான், ஆதலின் இவன் விரல்கள் உதிர்ந்தே தீரும்." நோயர் கைகளைக் கண்டார் எவர்க்கும் இதில் ஐயம் எழவில்லை. முறைமையிற் குற்றம் இல்லை. நோய்க்கிருமியை ஆன்சன் என்பார் 1873-இல் கண்டறிந்த பின்னரும் இவ்வெண்ணம் மாறிற்றில்லை. விரல்கள் எவ்வாற்றானும் உதிரும் என்று துணிந்தமையின், அவற்றைக் காத்தற்கோ சீர்செய்தற்கோ முயல்வாரும் அரியராயினர்.

கொல்லிமலையிற் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் (1914–2003) என்னும் அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தனர். 1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றவிடத்து, அங்கிருந்தார் கைகள் மடங்கிக் குறைந்திருந்தும் அவற்றிற் சில தசைகள் வலிமையோடிருத்தலைக் கண்டு வியந்தனர். தசை அழுகுவதாயின் இவ்வலிமை யாங்ஙனம் எஞ்சும் என்பதே அவர்க்கு எழுந்த வினா. நம் நூல்வழக்கிற் கூறின், "வியாத்தி உண்மையோ?" என்று வினவினர் என்க. நோயர் புண்கள், மேலும் அடிபடாமற் காக்கப்பட்டவிடத்துப் பிறர் புண்களைப் போலவே ஆறுதலையும், அறுவை செய்த கைகள் செவ்வனே கூடுதலையும் அவர் கண்டனர். நோய் அழித்தது நரம்பை. அதனாற் கெட்டது உணர்ச்சி. சுடுகலத்தைப் பற்றினும், முள் தைப்பினும், புண்பட்ட விரலாற் பணிசெய்யினும் நோயர்க்கு வலி தோன்றாது. துருவேறிய பூட்டைத் திறந்த சிறுவன் ஒருவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்தும் அவன் அதனை அறிந்திலன் என்று அம்மருத்துவர் தம் நினைவுகளிற் கூறியிருக்கின்றனர்.

பாகாயத்திலுள்ள கல்லூரி நிலத்தில், கை சீர்பெற்ற நோயர் தங்கித் தொழில் பயிலும்பொருட்டுச் சிறு குடில்களால் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. நவஜீவ நிலையம் என்பது அதன் பெயர். ஆண்டிருந்தார் உடம்பில் நாடோறும் ஆராய்ந்து, எக்காயம் எவ்வாறு நேர்ந்தது என்று கண்டுவந்தனர். ஏறக்குறைய எல்லாவற்றிற்கும் காரணம் புலப்பட்டது, எஞ்சியது ஒன்று. இரவில் உறங்கச் சென்ற சிலர் விடியலில் விரலின் ஒரு கூறு இன்றி எழுந்தனர். பழைய வாதத்திற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ? உறக்கத்திற் சுடுகலம் இல்லை, பூட்டு இல்லை. ஆதலின் நோயே உதிர்த்தது என்று முடிப்பதன்றி வேறென்? ஆயின் முடிபை விரையாது இரவிற் கண்விழித்து நோக்கினர். எலி வந்து உறங்குவார் விரலைக் கடித்தது. உணர்ச்சியின்மையின் அவர் கையை ஈர்த்துக்கொண்டிலர். அதன்பின் பூனை வளர்த்தலே அதற்கு மருந்தாயிற்று.

இதனை அளவையோடு பொருத்துக. நோய் நெருப்பினிடத்தது, விரலிழப்பு புகையினிடத்தது, உணர்விழந்த உறுப்பில் அறியாது பட்ட காயம் ஈரவிறகினிடத்தது. நோயிருந்தும் காயத்தினின்று காக்கப்பட்ட கை அழிந்திலது. இது காய்ந்த இரும்பு. தொழுநோய் இன்றியே நீரிழிவால் உணர்ச்சி கெட்ட கால்களிலும் அத்தகைய புண்ணும் இழப்பும் நேர்தலைப் பின்னாளில் மருத்துவர் நன்கு அறிந்தனர். அன்வயத்தாலும் வெதிரேகத்தாலும் உபாதி வெளிப்பட்டது. நெடுங்காலம் நின்ற வாதம் முறைமையால் வீழ்ந்திலது, மெய்ம்மையால் வீழ்ந்தது. அதன் வடிவை மாத்திரம் எத்துணைக் காலம் நோக்கியிருப்பினும் குற்றம் தோன்றியிராது. இரவிற் கண்விழித்து நோக்கவேண்டிற்று.

இந்நோய் பற்றியே மற்றொரு வாதமும் நம்மிடை வழங்கிற்று. அதன் குற்றம் வேறிடத்தது. "நோய் வினைப்பயன், வினைப்பயன் நுகர்ந்தே தீர்வது, ஆதலின் இவர்க்கு மருந்தும் உதவியும் செய்தல் வீண்" என்பதே அது. இதில் முன்கூற்றுக்கள் சைவர்க்கு உடன்பாடானவை போலத் தோன்றுதலின் முடிபும் உடன்பாடு என மயங்குவார் பலர். முன்கூற்றுக்கள் மெய்யே என வைத்துக்கொள்ளினும் முடிபு போதராது. பசியும் வினைப்பயனே, அதனால் உண்ணாதிருப்பார் யார்? நோய் வினைவழி வருமாயின், மருந்தும் மருத்துவனும் உதவுங் கையும் வினைவழி வாரா என்றற்கு ஏது யாது? வினைப்பயனாதல் என்னும் ஏது, தீர்க்கத்தக்க துன்பம், தீர்க்கவியலாத துன்பம் என்னும் இருபாலுஞ் செல்லுதலின் அநைகாந்திகமாம். கொடிமாடச் செங்குன்றூரில் அடியவரைக் குளிர்சுரம் வருத்தியபோது, வினையென்று வாளாவிருத்தலை ஒழித்துத் திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்தனர் என்பது பெரியபுராணங் கூறும் வரலாறு. வினைக்கொள்கையை உடன்பட்டார் அனைவரும் அப்பொல்லா முடிபை உடன்படவேண்டும் என்பது இல்லையென்பதற்கு அவ்வரலாறே சாலும்.

முன்னதிற் கெட்டது மெய்ம்மை. பின்னதிற் கெட்டது முறைமை. கெட்ட இடம் வேறாகலின் திருத்துமாறும் வேறு. முன்னதனைக் காட்சியால் திருத்தல் வேண்டும். பின்னதனைத் திருத்தக் காட்சி வேண்டா, கூற்றுக்களின் இயைபை நோக்கலே அமையும். தொழுநோயரை அடைத்து வைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இலேதான் நீக்கப்பட்டது. 1980-கள் முதற் பரவிய கூட்டு மருந்து முறையால் நோய் முற்றுந் தீர்தல் தெளிவாகிய பின்னரும் அது நின்றது. போலியைப் போலியென்று அறிதற்குத் தாழ்ப்பின், அதன் விலையை வாதிகள் கொடுப்பதில்லை. வேறு சிலர் கொடுக்கின்றனர்.

இனி நம் நூல்களுக்கு மீளுதும். சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களையும் முப்பத்தொன்பது அதிகரணங்களையும் உடையது. அதிகரணந்தோறும் மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் நிற்கும். அதன் முதற் சூத்திரத்தைக் கற்பிக்குங்கால், "குடத்திற்குக் குயவன் உண்டு, ஆதலின் உலகிற்கு இறைவன் உண்டு" என்று சுருக்கி முடிப்பார் பலர். மெய்கண்டார் அங்ஙனம் முடித்திலர். முதலதிகரணத்தில் அவர் நிறுவுவது இறைவனை அன்று. உலகு தோன்றி ஒடுங்குவது என்பதனையே. அஃதாவது, பின்வரும் வாதத்திற்கு முன்கூற்றாகவேண்டியதனை முன்னரே தனித்து நிறுவுகின்றனர். அதன்பின், ஒடுங்கியது மீள உளதாதலையும், அதற்கு முதலாவான் ஒடுக்கத்தைச் செய்வானே என்பதையும் அடைவே ஆராய்கின்றனர். முறைமையொன்றே அமையும் என்று அவர் கருதியிருப்பின் ஓரதிகரணமே போதுமன்றோ?

ஆகவே இவ்வாதத்தை மறுப்பாரும் காப்பாரும் நிற்கவேண்டிய இடம் தெளிவாம். அதன் இயைபிற் குற்றங் கூறுவார் அரியர். உலகு முழுதும் தோற்றமுடையதோ, குடத்திற் கண்ட நியதி உலகமனைத்திற்கும் செல்லுமோ, இடையே ஈரவிறகு போல் உபாதி ஒன்று உண்டோ என்பனவே வினா. மீமாஞ்சகர் முன்னதனை மறுத்தனர். பிறர் பின்னதனை மறுத்தனர். இவ்வினாக்களை எதிர்கொள்ளாது, "தருக்க முறையால் முடிந்தது" என்று கூறி அமைவது மெய்கண்டார்க்குச் செய்யும் சிறப்பன்று. அவர் உழைப்பை மறைத்தலேயாம்.

இவ்வாறே சித்தியாரின் பரபக்கத்தைக் கற்பார்க்கும் ஒன்று கூறுதும். உலகாயதர் முதற் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு திறத்தார் கொள்கைகளைக் கூறி மறுத்த அருணந்தியார், அம்மறுப்பின் முடிவிலே தம் நூலை முடித்திலர். சுபக்கம் என வேறொரு பகுதி வகுத்துத் தம் கொள்கையைத் தனியே நிறுவினர். பிறர் ஏது வீழ்ந்தமையால் தம் துணிபு நின்றது என்பது அவர்க்கு உடன்பாடாயின் சுபக்கம் மிகையாம். பிறர் ஏது வீழ்ந்தவிடத்து வீழ்ந்தது அவ்வேது மாத்திரமே. ஒரு கொள்கைக்கு ஒருவர் காட்டிய சான்று போலியாயின், நல்ல சான்றை வேறொருவர் காட்டலும் கூடும். எதிரிக்கு உரிய இந்நீதி நமக்கும் உரியது. நம்மவருள் ஒருவர் மெய்யான முடிபுக்குப் போலியேது காட்டின், அதனைப் போலியென்று முதற்கண் கூறவேண்டியவர் நாமே. மெய்யை நாம் காத்தல் போலியைக் கொண்டாயின், அப்போலி உடைபடும் நாளில் மெய்யும் உடைந்ததென்றே உலகங் கருதும்.

ஆதலின் ஒரு வாதத்தைக் கேட்டவிடத்து வினவத்தக்கன மூன்று: கூற்றுக்கள் மெய்யோ? அவற்றினின்று முடிபு போதருமோ? கேட்பானுக்கு அவை உடன்பாடோ? இம்மூன்றையும் தனித்தனியே வினவுதலை நமக்குப் பயிற்றுதற்கே அறுபத்தைந்து போலிகளை ஆசிரியர் எண்ணி வைத்தனர். அவற்றை மனனஞ் செய்தார் பலர். எதிரியின் கூற்றில் தேடினாரும் பலர். தம் கூற்றில் தேடுவாரே அளவை நூலைக் கற்றவர் என்க.